சுமிலோன் தீவு சொன்ன வட்டிக் கணக்கு



பள்ளிக்கூடத்தில் வட்டிக் கணக்கு நடத்தும்போது, "முதலில் கை வைக்காதவரைதான் வட்டி வரும்" என்பேன். அதே கணக்கைக் கடலில் போட்டுப் பார்த்த வரலாறு ஒன்றை இன்று எழுதுகிறேன்.

பிலிப்பைன்ஸில் செபு தீவின் தென்முனைக்கு அருகே சுமிலோன் என்றொரு குட்டித் தீவு. சுற்றிலும் பவளப்பாறை. சில்லிமன் பல்கலைக்கழகத்தின் உயிரியல் அறிஞர் ஏஞ்சல் அல்காலாவின் முயற்சியால், 1974இல் அந்தப் பாறையில் சுமார் கால் பங்கில் மீன்பிடிக்கத் தடை வந்தது. மீதி முக்கால் பங்கில் வழக்கம்போல் பிடிக்கலாம். அன்றாடம் உலை வைக்க வேண்டிய மீனவனுக்கு இது கசக்கத்தானே செய்யும்?

1984இல் உள்ளூர் அரசியல் காரணமாகக் காவல் போயிற்று. தடைப் பகுதிக்குள் வலையும் புகுந்தது, வெடியும் புகுந்தது. முழுப் பாறையும் கைக்கு வந்துவிட்டதே, மீன் கூடியிருக்குமா? இல்லை. இரண்டு ஆண்டுக்குள் மொத்த மீன்பாடு ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. அல்காலாவும் கேரி ரஸ்ஸும் இதை 1990இல் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள்.

காரணம் எளிது. தடைப் பகுதியில் மீன் வயதாகிப் பெருக்கும். பெரிய மீன் சிறிய மீனைவிடப் பல மடங்கு முட்டையிடும். உள்ளே இடம் நெருங்கும்போது வளர்ந்த மீன்கள் வெளியே வரும். மீனவர் முக்கால் பங்கில் பிடித்துக்கொண்டிருந்தது அந்த வட்டியையும் சேர்த்துத்தான். 1984இல் முதலையே எடுத்துவிட்டார்கள்.

அருகிலிருக்கும் ஆப்போ தீவில் கதை வேறு. அங்கே 1982இல் ஊர் மக்களே ஒப்புக்கொண்டு, தங்கள் பாறையில் சுமார் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, தாங்களே காவல் காத்தார்கள். களவா போன்ற பெரிய இரைதின்னி மீன்கள் மெல்ல மெல்லப் பெருகின. ஓரிரு ஆண்டில் அல்ல. பதினெட்டு ஆண்டு கழித்தும் கூடிக்கொண்டே இருந்தன. சுமிலோனிலோ பல ஆண்டுச் சேமிப்பு இரண்டே ஆண்டில் கரைந்தது. சேர்க்க எவ்வளவு காலம், செலவழிக்க எவ்வளவு காலம் பாருங்கள்.

தடை எல்லாவற்றையும் காக்கும் என்று சொல்லமாட்டேன். 2011 டிசம்பர்ப் புயல் ஆப்போவின் தடைப் பகுதிப் பவளத்தையே நொறுக்கியது. புயலைத் தடுக்க எந்தச் சட்டத்தாலும் ஆகாது. மனிதக் கையைத் தடுக்கலாம். அதுவும் அந்தக் கைக்குரியவர் மனமுவந்து ஒப்பினால்தான் நிலைக்கும்.

கடலோர ஊர்களில் இருக்கும் என் பழைய மாணவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். ஆசிரியர் கற்றுக்கொள்ள வயதில்லை.