கியர் இல்லாத வண்டியின் நூறு வருடக் கதை

ஆக்டிவா, ஸ்கூட்டி பெப் போன்றவற்றைக் "கியர் இல்லாத வண்டி" என்று சொல்கிறோம். உண்மையில் இவற்றிலும் கியர் மாற்றும் வேலை நடக்கிறது. ஓட்டுபவர் செய்வதில்லை, வண்டியே செய்துகொள்கிறது, அவ்வளவுதான். கடலூர் - விருத்தாசலம் சாலையும் சென்னை - கும்பகோணம் சாலையும் சந்திக்கும் வடலூரில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் எத்தனை வண்டிகள் இப்படி ஓடுகின்றன என்பது புரியும். இந்த ஆட்டோமேட்டிக் கியர் எங்கிருந்து வந்தது? அதைக் கழற்றி மாட்ட நம் ஆட்கள் எப்படிக் கற்றார்கள்?

கியர் எதற்கு?

எஞ்சின் எல்லா வேகத்திலும் ஒரே மாதிரி இழுக்காது. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதும் மேடு ஏறும்போதும் எஞ்சின் பல சுற்று சுற்ற, சக்கரம் ஒரு சுற்று சுற்றினால்தான் வண்டி நகரும். சமமான ரோட்டில் வேகம் எடுத்துவிட்டால் அத்தனை சுற்று தேவையில்லை. இந்தக் கணக்கை மாற்றிக்கொடுப்பதுதான் கியரின் வேலை. கியர் சைக்கிள் மிதித்தவர்களுக்குக் கால் வலியே இதைச் சொல்லிக் கொடுத்திருக்கும்!

கலங்கல் இளைஞரும் ரட்ஜ் வண்டியும்

தமிழ்நாட்டில் வண்டியைக் கழற்றிப் பார்த்துக் கற்றவர் என்றால் முதலில் நினைவுக்கு வருபவர் ஜி.டி.நாயுடு. கோவைக்கு அருகே கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்தவர். பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்த நாள் முதல் அது எப்படி ஓடுகிறது என்ற கேள்வி அவரை விடவில்லை. கோவைக்கு வந்து ஹோட்டலில் சர்வராக வேலை பார்த்துப் பணம் சேர்த்து, ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கினார். அதை அக்கக்காகக் கழற்றினார், மறுபடியும் மாட்டினார். எந்தப் பொறியியல் கல்லூரியிலும் படிக்காதவருக்கு அந்த வண்டிதான் கல்லூரி.

1920-ல் ஒரு பஸ் வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். அதுவே யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் நிறுவனமாக வளர்ந்தது. 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து இந்தியாவிலேயே தயாரான முதல் மின்மோட்டாரைக் கொண்டுவந்தார். மூலதனம் என்றால் பணம், கட்டடம், இயந்திரம் என்றுதான் வணிகவியல் பாடப் புத்தகம் சொல்லும். நாயுடுவின் முதல் மூலதனம், ஒரு வண்டியைப் பிரித்து மாட்டத் தெரிந்த அறிவு. எந்த நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பிலும் அதற்கு ஒரு வரி கிடையாது.

இங்கே ஒரு சுவாரஸ்யம் உண்டு. நாயுடு இளைஞராக இருந்த அந்த நாட்களில் இங்கிலாந்தின் ரட்ஜ் கம்பெனிக்குப் பெயர் வாங்கித் தந்தது "ரட்ஜ் மல்டி" என்ற மாடல். அதில் பல் சக்கரங்களுக்குப் பதில் ஒரு பெல்ட்டும் விரிந்து சுருங்கும் புல்லிகளும் இருந்தன. ஓட்டுபவர் கையால் ஒரு லீவரை நகர்த்தினால் முன் புல்லி சுருங்கும், பின் புல்லி விரியும், கியர் மாறும். சுமார் 20 நிலைகள்! 1914-ல் ஐல் ஆஃப் மேன் தீவின் சீனியர் டி.டி. பந்தயத்தில் சிரில் புல்லின் ஜெயித்தது இந்த வண்டியில்தான். இன்றைய ஸ்கூட்டருக்குள் இருப்பதும் இதே தத்துவம்தான். கை செய்த வேலையை இப்போது வண்டியே செய்கிறது.

அமெரிக்க வழி, ஹாலந்து வழி

கையின் வேலையை வண்டிக்கு மாற்றுவதில் உலகம் இரண்டு வழியில் போனது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1939-ல் ஹைட்ரா-மேட்டிக் என்ற ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியை 1940-ம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களுக்காக அறிமுகம் செய்தது. எண்ணெய் அழுத்தம், நுண்ணிய வால்வுகள், ஒன்றைச் சுற்றி ஒன்று ஓடும் பல் சக்கரங்கள் என்று அது ஒரு தனி உலகம். அமெரிக்காவில் இந்த வகைப் பெட்டிகளை வீட்டு ஷெட்டிலேயே பிரித்து மாட்டுகிறவர்கள் உண்டு. அவர்கள் முதலில் கற்கும் பாடம் சுத்தம். துடைக்கும் துணியிலிருந்து விழுந்த ஒரு நூலிழை வால்வில் சிக்கினால்கூட பெட்டி மக்கர் செய்யும்.

ஹாலந்தில் ஹப் வான் டோர்ன் பெல்ட் வழியைப் பிடித்தார். 1958-ல் வெளிவந்த அவருடைய டாஃப் 600 காரில் "வேரியோமேட்டிக்" இருந்தது. வேகத்துக்குத் தக்கபடி புல்லி தானே விரிந்து சுருங்கும். முன்னால் போகும் வேகத்திலேயே பின்னாலும் போகக்கூடிய கார் அது. பிற்காலத்தில் அந்த நாட்டில் ரிவர்ஸ் ரேஸ் நடத்தி விளையாடினார்கள்!

நம் ஊருக்கு வந்தபோது

நம் ஊரில் ஆட்டோமேட்டிக் பரவலாக வந்தது காரில் அல்ல, இரு சக்கரத்தில். 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50-ல் ஒரே ஒரு கியர். கிளட்ச் மட்டும் தானாகப் பிடிக்கும், விடும். அதன் வாரிசான எக்ஸ்.எல்.-தான் இன்றும் பண்ருட்டிப் பலாப்பழத்தையும் முந்திரி மூட்டையையும் சுமக்கிறது. 1984-ல் வந்த கைனடிக் ஹோண்டாவில் முழு ஆட்டோமேட்டிக் பெல்ட் கியர் இருந்தது. அதுவரை ஸ்கூட்டர் என்றால் இடது கையால் கிளட்சைப் பிடித்துத் திருகிக் கியர் மாற்ற வேண்டும். அந்தத் தொல்லை போனதும் ஸ்கூட்டர் ஓட்டும் பெண்கள் பெருகினார்கள். கார்களில் விலை குறைந்த ஆட்டோமேட்டிக் வர 2014-ல் மாருதி செலிரியோ வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மூடிக்குள் என்ன?

ஸ்கூட்டரின் இடது பக்க மூடியைத் திறந்தால் முன்னால் ஒரு புல்லி, பின்னால் ஒரு புல்லி, நடுவே பெல்ட். முன் புல்லிக்குள் சின்னச் சின்ன ரோலர்கள். எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது, ராட்டினத்தில் உட்கார்ந்தவர் வெளிப்பக்கம் தள்ளப்படுவதுபோல ரோலர்கள் வெளியே ஓடும். அப்போது புல்லியின் இரண்டு பாதிகளும் நெருங்கி, பெல்ட் மேலே ஏறும். பின் புல்லியில் அதே பெல்ட் உள்ளே இறங்கும். கியர் மாறிவிட்டது!

ரோலர் தேய்ந்து தட்டையானால் பிக்கப் போகும். பெல்ட் அறுந்தால் எஞ்சின் உறுமும், வண்டி நகராது. ரோலர் செட்டின் விலை சில நூறு ரூபாய்தான். மாட்டும்போதுதான் கவனம் வேண்டும். எல்லா ரோலரும் ஒரே எடையாக இருக்க வேண்டும். பெல்ட் ஓடும் இடத்தில் கிரீஸ் படக்கூடாது. முன் புல்லியின் நட்டை முறுக்கும்போது இரண்டு பாதிகளுக்கும் நடுவே பெல்ட் மாட்டிக்கொண்டால், நட்டு இறுகிவிட்டது போலத் தோன்றும். ஆனால் கொஞ்ச தூரம் ஓடியதும் தளர்ந்து, உள்ளே இருக்கும் பற்களைத் தின்றுவிடும். பின் புல்லியை விரித்து, பெல்ட்டை அங்கே ஆழமாக இறக்கி வைத்துவிட்டுத்தான் முன்பக்கம் மாட்ட வேண்டும். எந்தப் பட்டமும் இல்லாமல் ரோட்டோர மெக்கானிக்குகள் கையாலேயே கற்ற பாடம் இது.

இனி யார் திறப்பது?

மின்சார ஸ்கூட்டர்களில் ரோலரும் கிடையாது, இந்தப் புல்லிக் கியரும் கிடையாது. தேயும் பாகங்கள் குறைவு, அது நல்லதுதான். ஆனால் பல மாடல்களில் கோளாறு என்ன என்று கண்டுபிடிக்கவே கம்பெனியின் சாஃப்ட்வேர் வேண்டும். ஸ்பானர் மட்டும் வைத்திருப்பவர் அங்கே வெளியே நிற்க வேண்டியதுதான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-லேயே கார்களைப் பழுது பார்க்கும் உரிமைக்குச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவில் மத்திய அரசு 2022 ஜூலையில் இதற்கு ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், செல்போன்கள், வீட்டுச் சாதனங்கள் ஆகியவற்றோடு வாகனங்களும் அதன் பட்டியலில் உண்டு. அதே ஆண்டு டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கான இணையதளமும் தொடங்கப்பட்டது.

இது மெக்கானிக்குகளின் பிழைப்புக்கான பிரச்சினை மட்டுமல்ல. காசு கொடுத்து வாங்கிய பொருள் யாருடையது என்ற கேள்வியும் இதில் இருக்கிறது. ரட்ஜ் வண்டியைத் திறக்கக் கம்பெனியின் பாஸ்வேர்டு தேவைப்பட்டிருந்தால், ஜி.டி.நாயுடு என்ற பெயரை இன்று யாருக்குத் தெரிந்திருக்கும்? அடுத்த நாயுடு ஏதோ ஒரு கிராமத்தில் கையில் ஸ்பானரோடு இருக்கலாம். அவர் திறந்து பார்க்க ஒரு மூடியாவது மிச்சம் இருக்க வேண்டும்.