நிலைபேற்று மோதிரம்: இது யாருடைய மரபு?



எங்கள் திருமணத்தின் இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவை ஒட்டி, சென்ற பள்ளி விடுமுறையில் நானும் என் துணைவியாரும் ஒரு நகைக்கடைக்குச் சென்றிருந்தோம். விற்பனையாளர் ஒரு மோதிரத்தை எடுத்துக் காட்டினார். ஒரே அளவான சிறு வைரங்கள் சுற்றிலும் இடைவெளியின்றிப் பதிக்கப்பட்டிருந்தன. "இதற்கு 'எட்டர்னிட்டி ரிங்' என்று பெயர், சார். வெள்ளிவிழாக் காணும் கணவர் மனைவிக்கு இதைப் போட்டுவிடுவது காலங்காலமாக வரும் மரபு" என்றார்.

விலையைக் கேட்டேன். பல்கலைக்கழகத்தில் பயிலும் எங்கள் மகளுக்கு ஒரு பருவத்திற்குக் கட்ட வேண்டிய கட்டணம் அளவுக்கு இருந்தது. துணைவியார் என்னைச் சற்றே தள்ளி அழைத்து, "என்னங்க, நம் அம்மாவோ பாட்டியோ இப்படி ஒன்று போட்டு நாம் பார்த்ததில்லையே! இது யாருடைய மரபு?" என்று கேட்டார். வகுப்பறையில் ஆண்டுக்கணக்காக வரலாறு சொல்லிக் கொடுத்தவன் நான். ஆயினும் விடை தெரியாமல் நின்றேன். அன்று எதுவும் வாங்காமல் திரும்பினோம். அதன் பின்னர்த் தேடிப் படித்து அறிந்தவற்றையே இங்குப் பகிர்ந்துகொள்கிறேன்.

பெயரும் பொருளும்

தொடக்கமும் முடிவும் இல்லாத நிலையே நிலைபேறு. ஆகவே இதனை 'நிலைபேற்று மோதிரம்' என்று தமிழில் வழங்கலாம் எனக் கருதுகிறேன். வட்டத்திற்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. தமிழில் 'ஆழி' என்னும் ஒரே சொல் மோதிரத்தையும் சக்கரத்தையும் கடலையும் குறிப்பதை மாணவர்களுக்கு நாம் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். வட்ட வடிவில் முடிவின்மையைக் காண்பது உலகின் பல மக்களுக்கும் பொதுவான எண்ணம்.

எகிப்தில் இந்த எண்ணம் மிகப் பழமையானது. தன் வாலைத் தானே கவ்விய பாம்பின் வடிவம், கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த துத்தன்காமன் மன்னரின் கல்லறையில் காணப்படுகிறது. இதே பாம்பு வடிவம் பிற்கால ஐரோப்பிய நகைகளிலும் இடம்பெற்றது. இளவரசர் ஆல்பர்ட், விக்டோரியா அரசியாருக்கு அளித்த நிச்சயதார்த்த மோதிரமும் மரகதம் பதித்த பாம்பு வடிவிலானதே. அவர்களின் திருமணம் 1840-இல் நடைபெற்றது.

இரும்பிலிருந்து வைரம் வரை

உரோமானியர்களிடையே மணம் பேசி முடித்த பெண்ணுக்கு மோதிரம் அனுப்பும் வழக்கம் இருந்தது. அது பொன்னும் அன்று, மணியும் அன்று; கல் பதிக்காத வெறும் இரும்பு வளையம். முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்னும் அறிஞர் இதனைக் குறிப்பிட்டுள்ளார். இடக்கையின் மோதிர விரலிலிருந்து இதயத்திற்கு ஒரு மெல்லிய நரம்பு செல்கிறது என்ற எகிப்தியர் நம்பிக்கையை, இரண்டாம் நூற்றாண்டில் ஆலுஸ் கெல்லியுஸ் என்பவர் எழுதி வைத்தார். உடற்கூற்றியல்படி அத்தகைய தனி நரம்பு எதுவும் இல்லை. ஆயினும் அவ்விரலில் மோதிரம் அணியும் வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

இங்கிலாந்தில் 15-ஆம் நூற்றாண்டிலிருந்து மற்றொரு வழக்கம் பரவியது. எளிய பொன் வளையத்தின் உட்புறத்தில் அன்பு மொழி ஒன்றைப் பொறித்து அளிப்பர். அணிந்திருப்பவருக்கு மட்டுமே அது தெரியும், காண்போருக்குத் தெரியாது. இத்தகைய மோதிரங்கள் பலவற்றை இலண்டன் அருங்காட்சியகங்களில் இன்றும் காணலாம்.

அப்படியானால் சுற்றிலும் வைரம் பதித்த மோதிரம் எப்போது தோன்றியது? வடிவம் பழையதுதான். 1761-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் தம் அரசி சார்லட்டுக்கு வைர வளையமொன்றை அளித்தார். திருமண மோதிரம் கழன்று விழாமல் காப்பதற்காக அதன்மேல் அணியப்பட்டதால், அதற்குக் 'காப்பு மோதிரம்' என்ற பொருளிலேயே பெயர் வழங்கியது. ஆனால் அது அரண்மனை வழக்கமாகவே இருந்தது. ஏன்? வைரம் அவ்வளவு அரிய பொருள். 1720களில் பிரேசில் நாட்டில் வைரம் கிடைக்கத் தொடங்கும்வரை, உலகிற்கு வைரம் வழங்கியது பெரும்பாலும் இந்தியாவே. நமக்கு அண்டையிலுள்ள போர்னியோ தீவிலும் சிறிதளவு கிடைத்தது.

மரபு பிறந்த கதை

1867-இல் தென்னாப்பிரிக்காவில் வைரம் கண்டெடுக்கப்பட்டது. தொடர்ந்து பெருஞ்சுரங்கங்கள் தோன்றின. 1888-இல் டி பியர்ஸ் நிறுவனம் உருவானது. வைரம் அரிய பொருள் என்ற நிலை மாறிவிட்டதால், அதன் விலையைக் காக்க வேண்டிய தேவை அந்நிறுவனத்திற்கு ஏற்பட்டது. சந்தைக்கு வரும் கற்களின் அளவைக் கட்டுப்படுத்தியது. விளம்பரத்தின் வழியாக மக்களின் விருப்பத்தையும் வளர்த்தது. 'வைரம் என்றென்றும் நிலைப்பது' என்ற பொருள்படும் புகழ்பெற்ற விளம்பர வாசகத்தை 1947-இல் எழுதியவர் பிரான்செஸ் ஜெரட்டி என்னும் அமெரிக்கப் பெண்மணி.

இதற்கிடையில் சைபீரியாவில் ஒரு திருப்பம் நேர்ந்தது. 1954-இல் லரிசா பொபுகாயெவா என்னும் சோவியத் பெண் நிலவியலாளர், யாகூத்தியாவில் முதல் வைரப் பாறையைக் கண்டறிந்தார். மறு ஆண்டே 'மீர்' என்னும் பெரும் வைரப் படிவமும் கண்டறியப்பட்டது. இந்தக் கற்கள் தனியே சந்தைக்கு வந்தால் விலை சரியும் என்பதால், டி பியர்ஸ் நிறுவனம் சோவியத் அரசுடன் உடன்பாடு செய்துகொண்டு அவற்றை வாங்கியது. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை சிறு கற்கள். பெரிய ஒற்றைக் கல்லே சிறப்பு என்று மக்களுக்குச் சொல்லிப் பழக்கிய பிறகு, சிறு கற்களை யாரிடம் விற்பது?

அமெரிக்க எழுத்தாளர் எட்வர்ட் ஜே எப்ஸ்டீன் 1982-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதற்கு விடை கூறுகிறது. அச்சிறு கற்களை வரிசையாகப் பதித்த மோதிரத்தை, ஏற்கெனவே மணமாகிப் பல்லாண்டு கடந்த பெண்களுக்கான பரிசாக விளம்பரப்படுத்தினர். புதுப்பிக்கப்பட்ட அன்பின் அடையாளம் என்று அதற்குப் பொருளும் கற்பித்தனர். எனவே வட்டத்தின் பொருள் ஆயிரமாயிரம் ஆண்டுப் பழமையுடையது. மோதிரத்தின் வடிவம் சில நூற்றாண்டுப் பழமையுடையது. ஆனால் 'கணவர் வாங்கித் தந்தே ஆக வேண்டும்' என்ற மரபு, 1960களில் விற்பனைக்காக வளர்க்கப்பட்டது. என் துணைவியாரின் கேள்விக்கு விடை இதுவே.

தேர்ந்தெடுப்பது எப்படி?

இதனால் அம்மோதிரத்தை வாங்கக் கூடாது என்று நான் கூறவில்லை. அழகான பொருள்தான். அறிந்து வாங்க வேண்டும் என்பதே என் கருத்து. வாங்க விரும்புவோர் கவனிக்க வேண்டியவை சில:

1. சுற்றிலும் கல் பதித்த மோதிரத்தைப் பின்னர்ப் பெரிதாக்குவதும் சிறிதாக்குவதும் மிகக் கடினம். வயதாலும் நம் நாட்டு வெப்பத்தாலும் விரல் பருக்கக்கூடும். முன்பாதியில் மட்டும் கல் பதித்த மோதிரத்தை எளிதாக மாற்றியமைக்கலாம், விலையும் குறைவு.

2. நாள்தோறும் வேலை செய்யும் கைக்கு, இரு உலோக வரம்புகளுக்கு இடையே கற்கள் அமைந்த மோதிரம் ஏற்றது. சிறு உலோகப் பற்களால் கற்களைப் பிடித்திருக்கும் வகை நன்கு ஒளிரும். ஆனால் துணியிலும் தலைமுடியிலும் சிக்கும், கல்லும் உதிரக்கூடும்.

3. 916 தங்கம் மென்மையானது. சிறு கற்களை இறுகப் பிடிப்பதற்கு 750 தங்கமோ பிளாட்டினமோ உறுதியானது.

4. வைரம் தன்னருகே உள்ள தங்கத்தைத் தேய்க்கும். திருமண மோதிரத்தோடு சேர்த்து ஒரே விரலில் அணிவோர் இதனை நினைவில் கொள்க.

5. மாணிக்கமும் நீலமும் வைரத்திற்கு அடுத்த கடினம் உடையவை. முத்து எளிதில் கீறல்படும். நாள்தோறும் அணியும் மோதிரத்திற்கு ஏற்றதன்று.

6. அடகு வைக்கும்போதும் திரும்ப விற்கும்போதும் தங்கத்திற்கே மதிப்பு. சிறு வைரங்களுக்குக் கொடுத்த விலையில் சிறு பங்குகூடத் திரும்பக் கிடைப்பது அரிது. ஆகவே இதனைச் சேமிப்பாகக் கருத வேண்டா.

நிறைவாக

இவ்வளவையும் ஒரு மாலையில் துணைவியாரிடம் கூறினேன். அமைதியாகக் கேட்டவர், "அந்த உள்ளே எழுதின மோதிரம்தாங்க எனக்குப் பிடித்திருக்கிறது" என்றார். கல் இல்லாத, எளிய 916 தங்க வளையம் ஒன்றை வாங்கினோம். அதன் உட்புறத்தில் எங்கள் திருமண நாளைப் பொறிக்கச் சொன்னோம். மகளின் கட்டணமும் குறித்த நாளில் கட்டப்பட்டது.

பெற்றோர்களே, ஆசிரியர்களே, 'காலங்காலமாக' என்று யாரேனும் கூறும்போது, 'எப்போதிலிருந்து?', 'யாரால்?' என்று கேட்க நம் பிள்ளைகளைப் பழக்குவோம். அக்கேள்வியை எனக்கு நினைவூட்டியவர் வரலாறு படித்தவர் அல்லர். வீட்டுக் கணக்கை இருபத்தைந்து ஆண்டுகளாகப் பார்த்து வருபவர்.