கோரைக்கிழங்கும் வேண்டாத முடியும்

கோரையோட மல்லுக்கட்டாத விவசாயி தமிழ்நாட்டுல இருக்க மாட்டார். மேலே புல்லைப் பிடுங்கினா நாலு நாள்ல மறுபடி முளைச்சு நிக்கும். மண்ணுக்கடியில கிழங்குகள் மணி கோத்த மாதிரி தொடர்ந்து போகும். ஏர் ஓட்டி அறுத்துவிட்டா ஒவ்வொரு கிழங்கும் தனிச்செடி ஆயிடும். 1977-ல் உலகின் மோசமான களைகளைத் தொகுத்த ஆய்வாளர்கள் முதலிடம் கொடுத்ததும் இதுக்குத்தான்.

அந்தக் கிழங்கைத்தான் நாட்டு மருந்துக் கடையில காசு கொடுத்து வாங்கி, முகத்து முடி போகணும்னு நகரத்துல பூசுறாங்க. சென்னையில இருந்து சொந்தக்காரங்க யாராவது "கொஞ்சம் கோரைக்கிழங்கு கிடைக்குமா"ன்னு கேட்டா எனக்குச் சிரிப்பு வரும். ஆனா தேடிப் படிச்சுப் பார்த்தா, இந்த முடி நீக்குற கதை சிரிக்கிற மாதிரி மட்டும் இல்லை.

முதல்ல நம்ம பழக்கம். எங்க அமுச்சி காலத்துல வாய்க்கால் படித்துறையில மஞ்சள் உரைக்கவே ஒரு கல் கிடக்கும். பொண்ணுங்க குளிக்கிற பொடியில பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ எல்லாம் சேரும். பச்சைக்குழந்தைக்குப் பயத்தமாவைக் குழைச்சு உடம்புல உருட்டி உருட்டி எடுப்பாங்க, பூனைமுடி உதிரட்டும்னு. உண்மையில அந்த முடி சில வாரத்துல தானாவே உதிர்ந்துடும். பெரியவங்களுக்கும் அப்படித்தான். சொரசொரப்பான மாவை வருஷக்கணக்கா தேய்க்கும்போது மெல்லிய முடி கொஞ்சம் தேய்ஞ்சு போகும், வேர் அப்படியே இருக்கும். பலன் மஞ்சளுக்கா, தேய்ச்ச கைக்கான்னு கேட்டா பாதிக்கு மேல கைக்குத்தான்னு சொல்லணும். அவங்களும் இதுக்கு "முடி நீக்கம்"னு பேர் வைக்கலை. அது குளியல், அவ்வளவுதான்.

இன்னொரு மஞ்சள் நிறப் பொருளும் இந்தச் சரித்திரத்துல இருக்கு. அதுதான் அரிதாரம். கூத்துக்காரங்க முகத்துல பூசுறதா நாம சொல்ற அதே சொல். நிஜத்துல அது ஆர்சனிக் கலந்த கனிமம். சுட்ட சுண்ணாம்போட அதைக் கலந்து பூசினா முடி கூழாகிக் கையோட வந்துடும். துருக்கிக் குளியல் கூடங்கள்ல இதுக்கு 'ருஸ்மா'ன்னு பேர். கலவை தயாரான்னு பார்க்க ஒரு பறவை இறகை முக்கிப் பார்ப்பாங்க. இறகு மொட்டையானா பதம் சரி. கொஞ்ச நேரம் அதிகமா வச்சா தோலும் வெந்துடும். நம்ம நாட்டு சுஸ்ருத சம்ஹிதையிலயும் சங்குச் சாம்பலும் அரிதாரமும் சேர்ந்த முடி நீக்கும் பூச்சு உண்டு. அரிதாரமும் இயற்கைதான், சுண்ணாம்பும் இயற்கைதான். "இயற்கை"ன்னு எழுதியிருந்தா மென்மைன்னு அர்த்தம் இல்லைங்கறதுக்கு இதைவிட சாட்சி வேண்டாம்.

அதே அரபு, எகிப்து பக்கத்துல சாதுவான வழியும் இருந்துச்சு. சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, தண்ணி மூணையும் காய்ச்சி, கம்பிப் பதம் தாண்டி உருட்டுப் பதம் வந்ததும் இறக்கி, கைச்சூட்டுக்கு ஆறவச்சு, தோல்ல ஒட்டி வெடுக்குன்னு இழுப்பாங்க. அரபியில இதுக்கு 'ஹலாவா'ன்னே பேர், அதாவது இனிப்பு. வலி இருக்கும், விஷம் இல்லை. சூடு ஆறாம தொட்டா மட்டும் கொப்புளம்.

அவசரம் வந்தது இருபதாம் நூற்றாண்டுல. 1915-ல் அமெரிக்காவுல ஜில்லெட் கம்பெனி பெண்களுக்குன்னு முதல் சவரக்கத்தியைக் கொண்டுவந்துச்சு. கையில்லாத கவுன் நாகரிகம் பரவின அதே நேரம். அதுவரைக்கும் அங்க பெரும்பாலான பெண்கள் கண்டுக்காத அக்குள் முடியை விளம்பரங்கள் அசிங்கம்னு சொல்லிக் கொடுத்துச்சு. 1920-களில் 'டிரைக்கோ'ங்கற எக்ஸ்ரே இயந்திரம் அழகு நிலையங்களுக்கு வந்துச்சு. வலியில்லைன்னு போய் உட்கார்ந்தவங்கள்ல பலருக்குப் பின்னால தோல் புற்றுநோய். 1930-களின் தொடக்கத்துல 'கோரெம்லு'ன்னு ஒரு க்ரீம். அதுல இருந்தது எலி மருந்துல போடுற தாலியம். பூசின பெண்களுக்கு நரம்பு மரத்துச்சு, பார்வை மங்குச்சு, தலைமுடியே கொட்டிப்போச்சு. வழக்குகள் குவிஞ்சு கம்பெனி திவாலாச்சு. அமெரிக்கா 1938-ல் அழகுசாதனங்களையும் சட்டத்துக்குள்ள கொண்டுவந்ததுக்கு இந்த மாதிரி சம்பவங்களும் காரணம்.

சரி, கோரைக்கு வருவோம். 2014-ல் எகிப்துல இருந்து ஒரு ஆய்வு வந்துச்சு. கோரைக்கிழங்குல வடிச்ச எண்ணெயை அக்குள்ல தொடர்ந்து பூசினதுல முடி வளர்ச்சி குறைஞ்சுது, லேசர் சிகிச்சையோட ஒப்பிடற அளவுக்குன்னு எழுதியிருந்தாங்க. ஒரே ஒரு ஆய்வு, அதுவும் வடிச்செடுத்த எண்ணெய். நாம இடிச்சு வச்ச பொடிக்கும் அதே பலன்னு சொல்லிட முடியாது. ஆனாலும் பாட்டிமார் பொடியில இதைச் சேர்த்தது வெறும் வாசனைக்கு மட்டும் இல்லையோன்னு யோசிக்க வைக்குது.

பூசணும்னு இருந்தா சில விஷயம். கிழங்கைக் கழுவி, நிழல்ல காயவச்சு, சலிச்ச பொடியா இருக்கட்டும். கஸ்தூரி மஞ்சள்னு பல கடைகள்ல கொடுக்கிறது வேற கிழங்கு. நிஜமானது உள்ளே வெளிர்நிறமா இருக்கும், கையில கறை பிடிக்காது. எதையும் முதல்ல முழங்கை மடிப்புல பூசி ஒரு நாள் பாருங்க. சுண்ணாம்பு, அரிதாரம் சேர்ந்த எதையும் கிட்ட சேர்க்காதீங்க. தாடையில திடீர்னு கனமான முடி வந்து, மாதவிலக்கும் தள்ளிப்போனா அது பொடி வேலை இல்லை. சினைப்பைக் கோளாறா இருக்கலாம், டாக்டரைத்தான் பார்க்கணும்.

களைன்னு தனியா ஒரு செடி கிடையாது. நமக்கு வேண்டாத இடத்துல முளைச்சா அது களை, கடையில வாங்கினா மருந்து. முடியிலயும் எது வேண்டாததுன்னு முடிவு பண்ணினதுல நூறு வருஷமா விளம்பரக்காரங்களுக்குப் பெரிய பங்கு இருக்கு. உங்க வீட்டுல பதிமூணு பதினாலு வயசுப் பொண்ணு கண்ணாடி முன்னாடி மேலுதட்டைத் தடவிப் பார்த்து மனசு வாடினா, டப்பாவை நீட்டுறதுக்கு முன்னாடி இந்தக் கதையைச் சொல்லுங்க. அதுக்கப்புறமும் அவ வேணும்னா, பயத்தமாவு இருக்கவே இருக்கு.