மருத்துவமனையிலிருந்து எழுதிய இரு மடல்கள்

போருக்குச் சென்ற மகனிடமிருந்தோ கணவனிடமிருந்தோ வீட்டிற்கு வரும் கடிதம் எவ்வாறிருக்கும் என்பதை நாம் அறிவோம். நலம் கூறும், நலம் வினவும், விரைவில் திரும்புவேன் என்று ஆறுதல் உரைக்கும். ஆனால், கடிதம் எழுதுபவனுக்கு வீடு என்று ஒன்றே இல்லாவிடில்? அவன் பெற்ற மக்கள் பிறருடைய சொத்தாக இருந்தால்? அத்தகையதொரு கடிதத்தை அமெரிக்க வரலாற்றிலிருந்து எடுத்து நம் இளைஞர்களின் முன் வைக்க விரும்புகிறோம்.

எழுதியவர் ஸ்பாட்ஸ்வுட் ரைஸ். மிசௌரி மாநிலத்துக் கிளாஸ்கோ என்னும் ஊரில் புகையிலைத் தொழிலில் உழன்ற கறுப்பின அடிமை. 1864 பிப்ரவரியில் அவர் ஒன்றியப் படையில் சேர்ந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் செயின்ட் லூயிஸ் நகரத்துப் பென்டன் பாசறை மருத்துவமனையில் இருந்தார். குண்டடி பட்டவரல்லர், வாத நோய் அவரைப் படுக்கையில் வீழ்த்தியிருந்தது. உடல் முடங்கினும் கை முடங்கவில்லை.

லிங்கனின் விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி முதல் நாளிலேயே வந்துவிட்டதே என்று சிலர் கேட்கலாம். அப்பிரகடனம் கலகம் செய்து பிரிந்த பகுதிகளுக்கே பொருந்தும். மிசௌரி பிரியாத மாநிலம். ஆகவே அங்கே அடிமைமுறை சட்டப்படி நீடித்தது. படையில் சேர்ந்த அடிமை விடுதலை பெற்றான். அவன் மனைவி மக்கள் பெறவில்லை. நாட்டிற்காக உயிர் கொடுக்கச் சென்றவனின் குழந்தை, அவன் சென்ற பின்னும் ஆண்டையின் அடுப்படியிலே கிடந்தது. விந்தையான நீதி!

எழுத்தறிவைப் பற்றியும் கூறவேண்டும். கறுப்பின மக்களுக்கு எழுதப் படிக்கக் கற்பிக்கும் பள்ளி எதையும் நடத்தலாகாது என்று மிசௌரியில் 1847ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டிருந்தது. ரைஸுக்கோ ஆண்டையின் மகனே கற்பித்தான். அவர் விடுதலைப் பிரகடனத்தை மற்ற அடிமைகளுக்குப் படித்துக் காட்டினார் என்றும், அதனால் ஆண்டை கடுஞ்சினம் கொண்டார் என்றும் அவருடைய மகள் பிற்காலத்தில் நினைவு கூர்ந்திருக்கிறார். ஏடு படிக்கத் தெரிந்த ஒருவன் சேரியில் இருந்தால் ஆண்டைகளுக்கு ஏன் உறக்கம் வருவதில்லை என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கையால்தான் 1864 செப்டம்பர் 3ஆம் நாள் இரு மடல்களை எழுதினார். ஒன்று கோரா, மேரி என்னும் தம் பெண்மக்களுக்கு. தாம் அவர்களை மறக்கவில்லை என்றும், உயிரே போவதாயினும் அவர்களை மீட்டே தீர்வதென்றும் எழுதுகிறார். மாத இறுதியில் வெள்ளை வீரர் எண்ணூறு பேரும் கறுப்பு வீரர் எண்ணூறு பேரும் கிளாஸ்கோவை நோக்கிப் புறப்படவிருக்கின்றனர், தாமும் உடன் வருவதாகத் தெரிவிக்கிறார். மற்றொரு மடல், மேரியைத் தன் உடைமையாக வைத்திருந்த கிட்டி டிக்ஸ் என்ற பெண்ணுக்கு. தம் குழந்தையைத் தாமே திருட முயன்றதாக அப்பெண் கூறியது ரைஸின் நெஞ்சைச் சுட்டிருக்கிறது. பெற்றவன் தன் இரத்தத்தை எங்ஙனம் திருடுவான் என்று கேட்கிறார். முன்பொருமுறை தம் குழந்தைக்கு விலையாக நாற்பது டாலர் தர முன்வந்ததையும், அதை அவள் ஏற்காததே நல்லதாயிற்று என்பதையும் எழுதுகிறார். இந்த இடத்தில் நாம் நின்று சிந்திக்கவேண்டும். நேற்றுவரை பெற்ற பிள்ளைக்கு விலை பேசியவர் இன்று விலை பேச மறுக்கிறார். இடையில் வந்தது வேறெதுவுமன்று, அவர் அணிந்திருந்த சீருடை.

மடல்களில் எழுத்துப் பிழைகள் மலிந்துள்ளன. காதில் விழுந்தவாறே எழுதப்பட்ட சொற்கள். பிழைக்கு அஞ்சி எழுதாமலே இருந்துவிடும் நம் இளைஞர் சிலருக்கு இதனை நினைவூட்டுகிறோம்.

அம்மடல்கள் நம் காலம்வரை எவ்வாறு பிழைத்தன என்பதும் அறியத்தக்கது. கிட்டியின் உடன்பிறந்தான் அவ்வூர் அஞ்சல் தலைவன். ஒரு கறுப்பன் இவ்வாறு எழுதுவதா என்று கொதித்து, ஒரு வாரத்திற்குள் படைத்தலைவர் ரோஸ்கிரான்ஸுக்குப் புகார் எழுதினான். ரைஸை மாநிலத்தை விட்டே அனுப்பிவிட வேண்டும் என்பது அவன் கோரிக்கை. இரு மடல்களையும் சான்றாக இணைத்தான். அவ்வாறே அவை அரசு ஆவணங்களிற் சேர்ந்தன. தந்தையின் அன்பைக் காத்துத் தந்தது பகைவனின் புகார் மனு!

மிசௌரி 1865 ஜனவரி 11ஆம் நாள் அடிமைமுறையை ஒழித்தது. அவ்வாண்டு மார்ச்சில் கறுப்பு வீரர்களின் மனைவி மக்கள் நாடெங்கும் விடுதலை பெறச் சட்டம் வந்தது. ரைஸின் குடும்பம் ஒன்று சேர்ந்தது. அவர் பின்னர்க் கிறித்தவப் போதகரானார். மிசௌரியிலிருந்து சென்ற வேறு இரு கறுப்புப் படைப்பிரிவினர், 62ஆம் பிரிவினரும் 65ஆம் பிரிவினரும், தம் சொற்பச் சம்பளத்திலிருந்து 6,000 டாலருக்கு மேல் திரட்டித் தம் மக்களுக்கென 1866இல் ஜெபர்சன் நகரில் பள்ளியொன்று தொடங்கச் செய்தனர். அது இன்று லிங்கன் பல்கலைக்கழகம்.

மேரி நெடுங்காலம் வாழ்ந்தார். 1937இல் செயின்ட் லூயிஸில் முன்னாள் அடிமைகளின் நினைவுகளைப் பதிவு செய்ய வந்தவர்களிடம் அம்மூதாட்டி பேசினார். ஏழு வயதில் பிறர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வாடகைக்கு விடப்பட்டதைச் சொன்னார். தந்தை வாரத்தில் இரண்டு இரவுகள் மட்டுமே தங்களைக் காண வர இசைவு பெற்றிருந்ததைச் சொன்னார். படைவீரர் என்றால் தமக்குத் தனி அன்பு என்றும் சொன்னார். தந்தை, உடன்பிறந்தான், கணவன், மகன் எல்லோருமே படைவீரர்களாய் இருந்தவர்களாம்.