அச்சின் சோர்வு

மாதுங்காவிலும் செம்பூரிலும் நாள்தோறும் மின்சார ரயிலேறும் நம்மவருள், காலடியில் சுழலும் எஃகு அச்சை எண்ணிப் பார்ப்பவர் அரியர். வண்டியின் பாரத்தால் அச்சு சிறிதே வளைகிறது. மேற்புறம் இழுபடும், கீழ்ப்புறம் அமுங்கும். அரைச் சுற்றில் அந்நிலை தலைகீழாகிறது. மும்பை சத்திரபதி சிவாஜி நிலையத்திலிருந்து கல்யாண் வரையுள்ள 54 கிலோமீட்டரில் அச்சு 16,000 முறைக்கு மேல் சுழல்கிறது. ஒருமுறை தாங்கிய பாரத்தைக் கோடிமுறை தாங்க எஃகால் இயலாமற் போகலாம்.

1842 மே 8ஆம் நாள், வெர்சேல்ஸிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்தது. பெட்டிகளின் கதவுகள் பூட்டப்பட்டிருந்தமையால் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் தீயில் மாண்டனர். நெடுநாள் உழைத்த இரும்பு தன் இயல்பே திரிந்துவிடுகிறதென அக்காலத்து எஞ்சினியர்கள் பலர் நம்பினர். மறு ஆண்டே ஸ்காட்லாந்தின் ராங்கின், அச்சின் பருமன் சட்டென மாறுமிடத்தில் விரிசல் தோன்றி உள்நோக்கி வளர்கிறதெனக் காட்டினார். ஜெர்மானியரான வோலர் அச்சுகளை ஆண்டுக்கணக்கில் சுழற்றி, எவ்வளவு பாரத்துக்கு எத்தனை சுற்று என்று கணக்கெடுத்து, 1870இல் முடிவுகளைத் தொகுத்தளித்தார். அப்பொறுமை எளிதில் வாய்ப்பதன்று!

பம்பாயில் மின்சார ரயில் 1925இல் குர்லாவரை ஓடத் தொடங்கிற்று. மாதுங்கா ரயில்வே பட்டறையோ 1915இலேயே அமைந்தது. இன்றும் பெட்டிகள் முறைவைத்து அங்கு வந்து பிரிக்கப்படுகின்றன. அச்சினுள் செவிக்கெட்டாத ஒலியைச் செலுத்துகின்றனர். விரிசலிருப்பின் ஒலி அங்கேயே மோதித் திரும்பும். ஆனால் பட்டறைக்கு வரும்வரை விரிசல் பேசாது. ஆதலின், பாலங்களிலும் தண்டவாளங்களிலும் மயிரிழையொத்த கண்ணாடி நாரை ஒட்டி, உலோகம் நீளுந்தோறும் அதனுள் செல்லும் ஒளி மாறுவதை இடைவிடாது அளக்கின்றனர். சுழலும் அச்சில் அதனைப் பொருத்துவது இன்னும் எளிதாகவில்லை.