களம் காணாத படைவீரர்கள்

பாபநாசத்தில் மலையை விட்டு இறங்கும் தாமிரபரணி, கார், பிசானம் என்னும் இரு போகத்திற்கும் நீர் தருகின்றது. அந்நீரைத் தேக்கி நெல் விளைவித்த கைகள் நம்மவருடையவை. விளைந்த நிலமோ பெரும்பாலும் பிறருடையது. நெல்லாக அளந்த கூலி, காசு புரளாத கை, எழுத்தறியாத கண். இத்தகைய வயற்காட்டில் வளர்ந்த இளைஞர்க்கு இரண்டாம் உலகப் போர் எதைத் தந்தது, எதைத் தரவில்லை என்பதை நம் சமுதாய இளைஞர்கள் அறிதல் நலம்.

படைத்தொழில் நம்மவர்க்குப் புதிதன்று. 1780இல் தோன்றிய சென்னைப் பயனீர் படையே பின்னர்ச் சென்னைச் சாப்பர்ஸ் படையாயிற்று. பாலம் சமைத்தல், பாதை வெட்டுதல், அகழி தோண்டுதல் ஆகிய அதன் பணிகளில் பறையர் குலத்தார் தொடக்கமுதலே பெரும்பங்கு கொண்டிருந்தனர். பின்னர் இராபர்ட்சு முதலான ஆங்கிலத் தளபதிகள், தென்னாட்டார் போர்க்குடியினர் அல்லர் என்றொரு கொள்கையைக் கட்டினர். அது ஆராய்ச்சியன்று, வெறும் தப்பெண்ணம் என்பதே எம் துணிபு. அதன் விளைவாகச் சென்னைக் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன.

1939இல் போர் மூண்டதும் அக்கொள்கை காற்றில் பறந்தது! ஏறத்தாழ 2 இலட்சம் பேர் இருந்த இந்தியப் படை 1945இல் 25 இலட்சத்தைத் தாண்டியது. கட்டாயம் ஏதுமில்லை, வறுமையே ஆள் பிடித்துக் கொடுத்தது. 1941இல் மகர் படை பெல்காமில் எழுந்தது. 1943இல் எழுந்த சமார் படை, போர் முடிந்த மறு ஆண்டே கலைக்கப்பட்டது. தேவை தீர்ந்ததும் கைவிடுவது அரசுகளுக்குப் பழகிய வழக்கம் போலும்.

சேர்ந்தோர் அனைவரும் கடல் கடக்கவில்லை. பெரும்பகுதியினர் இந்நாட்டிலேயே நின்றனர். பெங்களூரில் பயிற்சி, கிடங்குகளில் காவல், துறைமுகங்களில் சுமை, அசாம் காடுகளில் பாதையும் விமானத்தளமும் அமைக்கும் வேலை என அவர்தம் நாள்கள் கழிந்தன. மண்வெட்டி பிடித்த கை அங்கும் மண்வெட்டியே பிடித்தது. ஆயினும் வேறுபாடு ஒன்றுண்டு: மாதந்தோறும் எண்ணிக் கொடுத்த சம்பளம், காலில் பூட்சு, மருத்துவம், கையெழுத்திடுமளவு படிப்பு. உள்ளூரில் செருப்பணிந்து தெருவில் நடத்தலே குற்றமாயிருந்த காலம் அது என்பதை மறவாதீர்.

இவர்களுக்கெனவே ஒரு பதக்கம் உண்டு. போர்க்களம் செல்லாது மூன்றாண்டுகள் உள்நாட்டில் பணியாற்றிய இந்தியப் படையினர்க்கு 'இந்திய சேவைப் பதக்கம்' வழங்கப்பட்டது. அதன் ஒரு புறம் அரசர் தலை. மறுபுறம் இந்திய நிலப்படமும் 1939-45 என்னும் ஆண்டுகளும். நம் வீடுகளின் பழைய தகரப் பெட்டிகளில் அத்தகைய பதக்கமோ, படையிலிருந்து விடுவித்த சான்றோ கிடைப்பின் பாத்திரக் கடைக்குப் போட்டுவிட வேண்டா. அதில் ஒரு பாட்டனாரின் மூன்றாண்டு உழைப்பு இருக்கின்றது.

போர் முடிந்து ஊர் திரும்பியவர் கண்டது பழைய ஊரையே. கோயில்களை எல்லார்க்கும் திறந்துவிடும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல்தான் வந்தது. பண்ணையின் வாயிலில் பூட்சைக் கழற்றி வைக்க வேண்டியிருந்தது. எனினும் ஓர் உரிமை முன்னரே கிட்டியிருந்தது. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி சென்னை மாகாணத்தில் வரி செலுத்துவோரும் எழுத்தறிந்தோரும் வாக்களிக்கலாம். படையிலிருந்து விலகியோரும் வாக்களிக்கலாம். நிலமற்ற, வரியற்ற உழவன் மகன், படைச்சான்றின் வலிமையால் வாக்காளனானான். அண்டை வீட்டு உழவனுக்கு அவ்வாக்குரிமை 1951-52 பொதுத் தேர்தலில்தான் வந்து சேர்ந்தது.