ஒரு விரலும் 125 தூரிகைகளும்

எண்ணெய் வண்ணத்தில் ஒவ்வொரு சட்டகமாகத் தீட்டிய இரண்டு அனிமேஷன் படங்கள். ரஷ்யரான அலெக்சாந்தர் பெட்ரோவின் ‘கிழவனும் கடலும்’ (1999), ஹெமிங்வேயின் கதையை 20 நிமிடத்தில் சொல்கிறது. டொரோட்டா கோபியேலாவும் ஹ்யூ வெல்ச்மனும் இயக்கிய ‘லவிங் வின்சென்ட்’ (2017), வான்கோவின் மரணத்தைத் துருவும் முழுநீளப் படம்.

இரண்டிலும் படம் வளர வளர ஓவியம் அழிகிறது. பெட்ரோவ் கண்ணாடித் தகடுகளில் மெதுவாகக் காயும் வண்ணத்தைப் பெரும்பாலும் விரல் நுனியால் தீட்டினார். ஒரு சட்டகத்தைப் படம்பிடித்ததும், ஈரம் காயுமுன் அந்த வண்ணத்தையே நகர்த்தி அடுத்ததை உருவாக்கினார். இப்படி 29,000க்கும் மேற்பட்ட ஓவியங்கள். துணைக்கு மகன் திமித்ரி. வின்சென்ட் படத்தில் சுமார் 65,000 சட்டகங்கள். தீட்டியவர்கள் 125 பேர். ஒரு ஷாட் முழுவதும் ஒரே கான்வாஸைச் சுரண்டிச் சுரண்டித் திருத்தியதால், கடைசிச் சட்டகம் மட்டுமே ஓவியமாக எஞ்சியது.

கணினியும் இரண்டிலும் உண்டு. ஆனால், அது நின்ற இடம் வேறு. மான்ட்ரியலில் பெட்ரோவுக்காக அமைத்த மேடையில், ஐமேக்ஸ் கேமராவின் நகர்வைக் கணினி துல்லியமாக இயக்கியது. வண்ணத்தில் அது கைவைக்கவில்லை. வின்சென்ட் படத்திலோ நடிகர்களை முதலில் படம்பிடித்து, பின்னணி சேர்த்து, அந்தக் காட்சியைக் கான்வாஸில் ஒளிபாய்ச்சினார்கள். உடலசைவும் கோணமும் தூரிகை தொடுமுன்பே பெரும்பாலும் முடிவாகிவிட்டன.

இதன் விளைவு திரையில் தெரிகிறது. பெட்ரோவின் அலையும் வானமும் ஒன்றுக்குள் ஒன்று கரைகின்றன. கிழவனின் கனவில் வரும் சிங்கங்களும் அதே ஈர வண்ணத்திலிருந்தே எழுகின்றன. வான்கோவின் பாணியில் தீட்டிய, வின்சென்ட் படத்தின் வண்ணக் காட்சிகளில் ஒவ்வொரு கோடும் துடிக்கிறது. அதன் கறுப்பு வெள்ளை நினைவுக் காட்சிகளில் வான்கோவின் தூரிகை விலகியதும் புகைப்படச் சாயலே மேலோங்குகிறது.

125 பேர் தம் கைப்பழக்கத்தை மறைத்து, இறந்துபோன ஒருவரின் கையெழுத்தில் எழுத வேண்டியிருந்தது. அந்தக் கட்டுப்பாடு இல்லாமல் முழுநீளப் படம் சாத்தியமாகியிருக்காது. அந்த உழைப்பை மதிக்கலாம். ஆனால், கைவேலையின் மதிப்பு சட்டக எண்ணிக்கையில் இல்லை. அடுத்த அசைவைத் தீர்மானிக்கும் உரிமை கைக்கு எவ்வளவு மிஞ்சியது என்பதே அளவுகோல். அந்த அளவுகோலில் பெட்ரோவின் 20 நிமிடமே எடை கூடியது.